மூன்று இடத்திலும் நான் சொன்ன பதில்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருடமாக அந்த வேலைதான். கூட வேலை செய்த கூட்டாளி அவன் கண்ணெதிரே ஐந்தாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்தார். அன்றிலிருந்து தம்பி வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். ஒரு நாள் தன் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, பக்கத்துக் கடை வெல்டரிடம் கொடுத்துவிட்டு வந்தான். "நீங்களே வெச்சுக்கங்கண்ணே" என்றானாம். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

நான் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் இருக்கிறேன். அங்கே ஒரு நர்ஸம்மாவிடம் அழுதேன்.

"மனசுக்குப் பாக்குறவங்ககிட்ட கூட்டிட்டுப் போங்கக்கா. முதல் ஆளே சரியா அமையணும்னு இல்ல. செருப்பு கடிச்சா காலையா வெட்டுவோம்? வேற செருப்பு பாருங்க."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "பேசுறதுக்கு ஒரு ஆளா? நானும்தான் நாள் பூரா பேசுறேன், எவன் குணமானான்?"

முதல் ஆள் வயதானவர், சுவர் நிறையச் சான்றிதழ். தம்பி வாயைத் திறக்குமுன் மூச்சுப் பயிற்சி என்று ஒரு தாளை நீட்டினார். சாகும் எண்ணம் உண்டா என்று தலை நிமிராமலே கேட்டார்.

"சேச்சே, கடவுளுக்குப் பயந்த குடும்பங்க எங்களுது" என்றேன் நான். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

இரண்டாவது ஆளை நான்தான் தேடிப் பிடித்தேன். பிரார்த்தனை செய்கிறவராக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அவரும் அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன். "நம்பிக்கை குறைஞ்சா இப்படித்தான் வரும் தம்பி" என்றார். என் கடவுள் அப்படிச் சொல்ல மாட்டார். இருந்தும் தலையை ஆட்டினேன்.

வெளியே வந்ததும் தம்பி, "அப்ப என் தப்புதான்க்கா" என்றான்.

மூன்றாவது, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மருந்துக் கிடங்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. உள்ளே இருந்தது என் மூத்த மகள் வயதுப் பெண். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"என்ன வேலை பாக்குறீங்கண்ணா?"

"லிஃப்ட் மெக்கானிக்மா. கைராசிக்காரன்" என்றேன்.

"தூக்கம் வருதா?"

"எங்கேம்மா, விடிய விடியப் புரள்றான்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, நீங்க சொன்னதெல்லாம் சரி. இனி அண்ணன் சொல்லட்டுமே." பிறகு அவன் பக்கம் திரும்பி, சாப்பிட்டாயா என்று கேட்பது போல அவ்வளவு நிதானமாகக் கேட்டாள். "செத்துரலாம்னு தோணுதாண்ணா?"

"சேச்சே..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் கையை மட்டும் லேசாக உயர்த்தினாள். வாயைப் பொத்திக்கொண்டேன். ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படவே இல்லை.

"தோணுது" என்றான் தம்பி. "தினமும்."

இரண்டு பேரிடம் இவன் உயிரைப் பற்றி நான் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறேன்.

அவள் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். இவரைத் தனியாக விடாதீர்கள், எந்த நேரமானாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். "மாத்திரைக்கு டாக்டரையும் இன்னைக்கே பாத்துரலாம், நானும் வரேன்" என்று முன்னால் நடந்தாள். தம்பி அவள் பின்னாலேயே போனான்.

திரும்பும் வழியில் மெல்லக் கேட்டேன். "ரொம்பச் சின்னப் பொண்ணா இருக்கே. வயசானவங்களா, சாமி கும்பிடுறவங்களாப் பாக்கட்டுமா?"

"வேணாம். இவங்ககிட்டயே வரேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாங்க" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீ மட்டும் உள்ள வராதக்கா" என்றான்.

அந்தச் சொல் சுட்டது. சுடட்டும். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அவன் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்கிறேன், தண்ணீர்ச் சத்தம் நின்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். கடவுளிடம் அவனைக் குணமாக்கு என்றுகூடக் கேட்கவில்லை. இந்த ஆறு நாளையும் தாண்ட வை என்று மட்டும்தான் கேட்கிறேன்.