சுவரில் கோடு இல்லாத வீடுகள்

1. வெள்ளமே வராத வஸ்தி

வெள்ளச் சேதத்தைப் பார்க்கப் போன இடத்தில் வெள்ளம் எங்கே என்று தேடவேண்டி வந்தது, என் முப்பத்தோரு வருட சர்வீசில் அந்த ஒரு நாள்தான்.

நான் புனேயில் ஒரு சர்க்கார் ஆபீசில் காரகூன், அதாவது குமாஸ்தா. பிறந்தது கட்கியில். அப்பாவுக்கு அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் வேலூர்த் தமிழ், வெளியே மராத்தி. மதராசி என்பதால் ஆபீசில் சேர்ந்த அன்றே என்னை 'அண்ணா' ஆக்கிவிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த பியூனுக்கும் நான் அண்ணாதான். போன வருடம் ரிடையர் ஆனேன். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. என் மகன் மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கும் தமிழ் படிக்க வராது. இருந்தாலும் எழுதுகிறேன், பழக்கதோஷம். யாரும் படிக்காத காகிதங்களைத்தான் இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலுக்கு உயிர் பஞ்சநாமா. வீட்டுக்குள் போய், சேதத்தை நேரில் பார்த்து எழுதி, கண்ணால் கண்ட ஐந்து சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் காகிதம் இருந்தால்தான் வீட்டின் பெயர் நிவாரணப் பட்டியலில் ஏறும். இது சட்டம். நடைமுறையில் நாங்கள் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: சுவரில் தண்ணீர் நின்ற கோடு. கோட்டின் பக்கத்தில் எங்கள் அதிகாரி, அதாவது சாஹேப், நின்று விரலை நீட்டுவார், நான் போட்டோ எடுப்பேன். ஐந்து கையெழுத்தை ஆபீஸ் வாசல் டீக்கடையில் முடித்துக்கொள்வோம். எங்கள் ஃபைல்களை நம்பினால், அந்த டீக்கடைக்காரர் சுற்றுவட்டாரத்தில் நடந்த அத்தனை வெள்ளத்தையும் தீ விபத்தையும் நேரில் கண்டவர். மனுஷன் கடையைவிட்டு ஒரு நாளும் நகர்ந்ததில்லை.

என் கடைசி மழைக்காலத்தில் ஏழைகள் குடியிருக்கும் கசார்வாடி ஆற்றோர வஸ்திக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு பகலும் ஒரு இரவும் நின்று வடிந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தது ஆறாம் நாள். முதல் இரண்டு நாள் ஜீப் பெரிய மனிதர்களோடு போய்விட்டது. அவர்கள் பாலத்தின் மேல் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். அப்புறம் ஃபாரம் தீர்ந்தது. ஃபாரம் அச்சாகி வந்தபோது, போட்டோ எடுக்கும் ஆப்பின் பாஸ்வேர்ட் வைத்திருந்தவர் லீவில் போயிருந்தார்.

வஸ்தியின் முதல் சந்தில் நாற்பத்திரண்டு வீடுகள். உள்ளே நுழைந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை. சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது, ஓட வேண்டிய இடத்தில். சுவர்களில் புதுச் சுண்ணாம்பு. ஒவ்வொரு கதவிலும் எண் போட்ட ஸ்டிக்கர். எங்கள் காளே சாஹேப் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வந்திருந்தார். ஓசைப்படாமல் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அண்ணா, இங்கே வெள்ளம் வந்ததா?" என்று மராத்தியில் கேட்டார்.

"வந்துச்சு. நாங்க கழுவிட்டோம்," என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். பெயர் தீபிகா, இருபத்திரண்டு வயது. பிம்ப்ரி பக்கம் ஒரு பார்சல் கம்பெனியில் எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று பிரித்துவிடும் வேலை. அதே மாதிரி வஸ்தியையும் பிரித்திருந்தாள். வீட்டுக்கு ஒரு எண், நாலு பிள்ளைகளுக்கு ஒரு வரிசை, யார் வீட்டில் சேறு, யார் வீட்டில் காய்ச்சல் எல்லாம் போனில். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் சமீர் என்ற பையன் பம்பு கொண்டுவந்திருக்கிறான். மூன்று நாளில் சந்து முழுவதையும் முடித்துவிட்டார்கள்.

"ஷாபாஷ்! தேசத்துக்கு இந்த மாதிரி இளைஞர்கள்தான் வேணும்!" என்றார் சாஹேப். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "நிரங்க் போடு," என்றார்.

நிரங்க் என்றால் ஆபீஸ் பாஷையில் 'ஒன்றுமில்லை'. சேதம் ஒன்றுமில்லை, நிவாரணம் ஒன்றுமில்லை.

தீபிகா போனை நீட்டினாள். வீட்டுக்கு வீடு போட்டோ, தேதி, நேரம், தரையில் சேறு, சுவரில் கோடு. சாஹேப் ஒவ்வொன்றாகப் பொறுமையாகத் தள்ளிப் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கீங்க. ஆனா இதுல நான் எங்கே?"

"நீங்க வரலையே சார்."

"அதான் பிரச்சினை."

அடுத்த சந்தில் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். பூட்டிய சேறு அப்படியே பத்திரமாக இருந்தது. அங்கே எல்லா வீட்டின் வெளிச்சுவரிலும் கோடு இருந்தது. எல்லா வீடும் பட்டியலில் ஏறியது.

2. ஒரு சின்ன ஜாடை

நாற்பத்திரண்டில் பதினேழாம் வீடு மல்லிகாவுடையது. தமிழ்க்காரி. புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். இட்லி மாவு அரைத்து விற்கிறாள். பிம்ப்ரிவரை இவள் மாவுக்கு ஆள் இருக்கிறது. பெரிய கிரைண்டரின் மோட்டாருக்குள் ஆறு புகுந்துவிட்டது. ஊறி நாறிப்போன அரிசி, உளுந்து மூட்டைகளைப் பிள்ளைகள் குழிதோண்டிப் புதைத்திருந்தார்கள்.

"சார், நான் சொன்னேன் சார்," என்று அழுதாள். "சர்க்கார் ஆளு வர்ற வரிக்கும் சேத்தைத் தொடாதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேன். இந்தப் பொண்ணு, 'எப்ப வருவாங்க'ன்னு ஒரே கேள்வி கேட்டா. நான் இன்னா சொல்றது? சின்னதுக்கு நூத்திரண்டு டிகிரி காய்ச்ச. கழுவுங்கன்னுட்டேன். இப்ப லிஸ்ட்ல பேரு வர்லன்னா என்னால கிரைண்டர் வாங்க முடியாது. மறுபடியும் வூட்டு வேலதான் சார்."

அன்று வியாழக்கிழமை. பட்டியல் சனிக்கிழமை மாலை மேலே போயாக வேண்டும். பிள்ளைகள் ஜீப்பை மறித்துக்கொண்டு நின்றதால் சாஹேப் கொஞ்சம் இறங்கி வந்தார். "நாளைக்கு மத்தியானம் இன்னொரு தரம் வரேன். கண்ணுக்கு ஏதாவது தெரிஞ்சா எழுதலாம்," என்றார்.

வண்டியில் ஏறுவதற்கு முன் நான் மல்லிகாவிடம் தமிழில், தாழ்ந்த குரலில், "சாஹேப் சொன்னது காதுல விழுந்துச்சில்லம்மா? கண்ணுக்குத் தெரியணும்," என்றேன். சொன்னது அவ்வளவுதான். பரோபகாரம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

3. சேறு திரும்பி வந்தது

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே ஃபாரங்களோடு போய்விட்டேன். சாஹேப் ஒரு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

சந்துக்குள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்கள் ஆற்றங்கரையிலிருந்து வாளி வாளியாகச் சேறு சுமந்து வந்து அவரவர் வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாத்தா பக்கத்து வீட்டுக்காரரிடம், "எனக்கு ரெண்டு வாளிதான் வந்துச்சு, உனக்கு மட்டும் எப்படி நாலு?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மல்லிகா வீட்டில் சமீர் ரசமட்டம் பிடித்து, சாணியில் சேற்றைக் குழைத்துச் சுவரில் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். பட்டறைக் கை, கோடு ஒரு நூல் பிசகவில்லை. எந்த ஆறும் அவ்வளவு நேராக நின்றிருக்காது.

என்னைப் பார்த்ததும், "அண்ணா, எத்தனை அடி வேணும்?" என்று ஹிந்தியில் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் தீபிகா வந்துவிட்டாள். காலை ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள், கழுத்தில் கம்பெனி அட்டைகூடக் கழற்றவில்லை. மல்லிகாவின் அடுக்களையைப் பார்த்தாள். தேய்த்துக் கழுவிய தரையெல்லாம் மறுபடி சேறு. அடுத்து என்னைப் பார்த்தாள். யார் சொல்லி இது நடந்திருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அங்கிள், நீங்க பாக்கறதுக்கு சேறு வேணும். டீக் ஹை, சரி. அப்புறம் அந்தக் காய்ச்சல் பொண்ணு எங்க படுக்கும்? உங்க சாஹேப் மடியிலயா?"

"இல்லம்மா, ஒரு மணி நேரம்தான். போட்டோ எடுத்த உடனே..."

"போட்டோ எடுத்த உடனே நாங்க மறுபடி கழுவணும். அடுத்த வாரம் பெரிய சாஹேப் வந்தா மறுபடி கொட்டணும். மத்லப், அதாவது, எங்களுக்கு வெள்ளம் ஒரு தடவ வந்தா பத்தாதா?"

அவளுக்குத் தமிழ் தட்டித் தடுமாறித்தான் வரும். அன்று எனக்குப் புரியாமல் போன வார்த்தை ஒன்றும் இல்லை. அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சேற்றைத் தள்ள ஆரம்பித்தாள். சமீர் போட்ட கோட்டை அவனே துணியால் அழித்தான். மல்லிகா தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். "போச்சு, எல்லாம் போச்சு," என்றாள்.

என்ன செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த ஃபாரத்தைப் படித்தேன். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை என்றால் நம்ப வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்புகிறவன் அச்சிட்ட எழுத்தைப் படிப்பதில்லை. 'கீழே கையெழுத்திட்ட ஐவராகிய நாங்கள் நேரில் கண்டது பின்வருமாறு' என்று இருந்தது. சாஹேப் காண வேண்டும் என்று எங்கேயும் இல்லை. கோடு என்ற வார்த்தையே இல்லை.

4. ஐந்து பேர்

"தண்ணி வடிஞ்சதும் இந்த வீட்டுக்குள்ள முதல்ல நுழைஞ்சது யாரு?" என்று கேட்டேன்.

ஐந்து பேர் கை தூக்கினார்கள். தீபிகா, சமீர், இன்னும் மூன்று பேர். எல்லோருக்கும் பதினெட்டு தாண்டியிருந்தது. நாற்பத்திரண்டு வீட்டுக்குள்ளும் முதலில் போனது அவர்கள்தான். ஒவ்வொரு வீட்டிலும் கோட்டின் உயரத்தைச் சமீர் பட்டறை டேப்பால் அளந்திருந்தான், தீபிகா போனில் ஏற்றியிருந்தாள். எதற்காக அளந்தீர்கள் என்று கேட்டேன். அடுத்த மழைக்கு எந்த வீட்டுச் சாமானை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று தெரிய வேண்டாமா என்றார்கள். இப்படி ஒரு காரணத்துக்காக ஒருவர் வெள்ளத்தை அளக்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

எழுத உட்கார்ந்தேன். அவர்கள் சொல்லச் சொல்ல மராத்தியில் எழுதினேன். பதினேழாம் வீட்டுக்கு வந்தபோது கை கொஞ்சம் தாராளமாகப் போயிற்று. மல்லிகாவின் முகத்தைப் பார்த்து, 'ஐந்து அடி' என்று போட்டுவிட்டேன். ஐந்து அடி என்றால் எங்கள் ஆபீசில் மறுபேச்சே கிடையாது.

பாதி ஃபாரம் பாக்கியிருக்கும்போதே சாஹேப் வந்துவிட்டார். ஈரம் காயாத, பளிச்சென்ற தரையைப் பார்த்தார். "அண்ணா, என்ன எழுதுறே? இங்கே என்ன இருக்கு?"

"பார்த்தவங்க இருக்காங்க சாஹேப். அஞ்சு பேரும்."

"நாளைக்கு மேலேர்ந்து யாராவது கேட்டா?"

"இவங்க பதில் சொல்லுவாங்க. இத்தனை வருஷம் யாராவது கேட்டிருந்தா நம்ம டீக்கடைக்காரர்தான் பதில் சொல்லியிருக்கணும்."

சாஹேப் முகம் சிவந்தது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டார். மல்லிகா எழுந்து நின்றாள். எனக்கு ரிடையர் ஆக எட்டே மாதம்தான் பாக்கி.

தீபிகா இது எதையும் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போடுமுன் பதினேழாம் ஃபாரத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், இது தப்பு. அஞ்சு அடி இல்ல, நாலு. அஞ்சு அடி கீழ் வரிசை வீடுங்கள்லதான்."

"இருக்கட்டும்மா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"எப்படி இருக்கும்? நான்தானே கையெழுத்து போடறேன்?" என்று சாஹேப் பக்கம் திரும்பி, மராத்தியில், "சார், நாலு அடி. இவர் ஒரு அடி ஜாஸ்தி எழுதிட்டார். திருத்தச் சொல்லுங்க," என்றாள்.

மல்லிகா, "அடிப்பாவி!" என்றாள்.

சாஹேப் சிரித்தார். வாய்விட்டு, நிஜமாகவே சிரித்தார்.

"அண்ணா, என் சர்வீசுலயே தண்ணியைக் குறைக்கச் சொன்ன முதல் ஆள் இவதான். நாலுன்னு திருத்து." பேனாவை எடுத்தார். நான் திருத்தினேன், பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். ஐந்து பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள், கடைசியில் சாஹேப். நாற்பத்திரண்டு வீடும் சனிக்கிழமை மத்தியானமே பட்டியலில் போயிற்று. நாலு அடிக்கும் நிவாரணம் உண்டு, கொஞ்சம் குறைவு. மல்லிகா பழைய கிரைண்டர் ஒன்றுதான் வாங்க முடிந்தது. அதையே சாக்காக வைத்து இன்றும் தீபிகாவைத் திட்டுகிறாள், திட்டிக்கொண்டே அவள் வீட்டுக்கு மட்டும் தினம் மாவு கொடுத்தனுப்புகிறாள்.

5. சுற்றறிக்கை

இவ்வளவு நடந்ததிலிருந்து எங்கள் ஆபீஸும் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. அடுத்த மழைக்கு முன் ஒரு சுற்றறிக்கை போட்டார்கள்: 'பஞ்சநாமா முடியும்வரை பாதிக்கப்பட்டோர் தங்கள் வீடுகளைச் சுத்தம் செய்ய வேண்டாம்.' நல்ல மராத்தி, தெளிவான வாக்கியம். ரிடையர் ஆகும் முன் நான் செய்த கடைசி வேலைகளில் அதுவும் ஒன்று என்பதால் ஒரு பிரதியைக் கொஞ்சம் பெருமையாகவே எடுத்துக்கொண்டு கசார்வாடிக்குப் போனேன்.

தீபிகா வாசலில் நின்றபடியே படித்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"எப்ப வருவீங்கன்னு இதுல எங்கயும் இல்லையே அங்கிள்? எழுத மறந்துட்டாங்களா?"

என் நாற்காலியில் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே, எழுதுவதற்கு முன் இந்தக் கேள்வியை உங்களையே ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சுற்றறிக்கையின் வரைவை எழுதியவன் நான்தான். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.