முக்கோணம் போட்ட மாத்திரை

நன்னாரி சர்பத் வந்த கண்ணாடிப் பாட்டில் அது. அதில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய துண்டில் சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொள்வாள் என் அத்தை, அப்பாவின் தங்கை. இப்போது கடையில் ரப்பர் பை கிடைக்கிறது, வாங்கியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் வலி வந்தால் கை இந்தப் பாட்டிலைத்தான் தேடுகிறது. நாளைக் காலை புதுக்கோட்டையில் எனக்கு மயக்க மருந்து கொடுத்து, தொப்புளருகே சின்னதாகத் துளையிட்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியிலும் வளர்ந்திருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு நான் பயப்படவில்லை. பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் இல்லையேம்மா’ என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம். அப்படிச் சொன்னால் அத்தையின் வலியும் சேர்ந்து பொய்யாகிவிடும். ஏற்கெனவே ஒருமுறை அதை நான் பொய்யாக்கியிருக்கிறேன்.

அத்தையைக் கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா சவுதியில் இருந்தார். கல்யாணமான ஆறு வருஷத்தில் இரண்டு முறைதான் ஊருக்கு வந்திருந்தார், பிள்ளை இல்லை. முழுப்பரீட்சை லீவுக்கு நான் அங்கே போய்விடுவேன். மாதத்தில் மூன்று நாள் அத்தை அடுப்படித் தரையில் சுருண்டு கிடப்பாள். “பாட்டில் ஆறிருச்சு தாயி, மாத்திக் குடு” என்பாள், நான் ஓடுவேன். அவள் மாமியாரோ, வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். ஊர்க் கோயிலில் காப்புக் கட்டினால் தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரையை அந்த மாமியாரே மெடிக்கலில் வாங்கி வந்து கொடுப்பது வழக்கம். அதைப் போட்டுக்கொள்ளும் நாள்களில் வலியும் வராமலிருப்பதை அத்தை கவனித்திருக்கிறாள். தனியாகப் போய் ஒரு லேடி டாக்டரிடம் சொல்ல, அவர் தினமும் போட்டுக்கொள்ள ஒரு கருத்தடை மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாமா வரும்வரை வலி அடங்கட்டும், லீவில் அவர் வந்ததும் திருச்சியில் கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்றாராம். அந்த நாளுக்காக அத்தை ஒரு மஞ்சப்பையில் இரண்டு நைட்டியும் டாக்டர் சீட்டும் எடுத்து வைத்திருந்தாள். மாத்திரை அட்டை மட்டும் வெந்தய டப்பாவுக்குள் இருந்தது.

எனக்கு ஒன்பது வயது. கண்ணில் பட்டதையெல்லாம் சத்தம் போட்டுச் சொல்கிற வாய். கஞ்சிக்கு வெந்தயம் எடுக்கப் போனவள் அட்டையைப் பார்த்தேன். அதில் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம். தெரிந்த படத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் கூடத்துக்கு ஓடிவந்தேன். “அத்தை, ஆஸ்பத்திரிச் சுவத்துல குடும்பக் கட்டுப்பாடுன்னு போட்டிருக்கே, அந்த முக்கோணம் இதுல இருக்கு!” மாமியார் எச்சில் கையோடு எழுந்தார். “புருசன் சவுதியில இருக்கான். ஒனக்கு எதுக்குடி இது?” அத்தை, “வயித்துவலிக்குத்தாங்க. டாக்டர் சீட்டு இருக்கு, பாருங்க” என்று மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். நீட்டிய சீட்டை யாரும் வாங்கவில்லை. கோயிலுக்காக மாத்திரை வாங்கிக்கொடுத்த அதே கைதான் அந்த அட்டையை அடுப்பில் போட்டது.

மறுநாள் அப்பா வந்து எங்கள் இருவரையும் எங்கள் ஊரான அரிமளத்துக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் அத்தை ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா லீவில் வந்தார். அவளைப் பார்க்க வரவில்லை. வேறு கல்யாணம் செய்துகொண்டார். அப்பா தங்கையை நம்பினார்தான். ஆனால், “பேரு கெட்டது போதும்” என்று அந்த மாத்திரையை மறுபடி வாங்க விடவில்லை. கேமரா விட்டுப் பார்க்கும் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. எனக்குப் பதின்மூன்று வயதில் வலி தொடங்கியபோது, “ஒனக்குமா தாயி?” என்று மட்டும் அத்தை கேட்டாள். பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு நாளும் அவள் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள்.

எட்டு மாதமாக நானும் கருத்தடை மாத்திரைதான் சாப்பிடுகிறேன். கல்யாணம் ஆகாதவள். மெடிக்கல்காரர் கறுப்புக் கவரில் போட்டுத் தரும்போது, கவர் வேண்டாம் என்று கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறுவேன். இப்போது காட்டி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியும். இன்று மத்தியானம் ஆபரேஷனுக்கு முன் விவரம் எழுதிக்கொள்ள வரச்சொல்லியிருந்தார்கள்; ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்த மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டார். டாக்டர் சொல்லியிருப்பதால் நிறுத்த வேண்டாம் என்றார். பிறகு, “ஒங்க குடும்பத்துல யாருக்காச்சும் இந்தப் பிரச்சனை இருந்துச்சாங்க?” என்று கேட்டார்.

“அத்தைக்கு இருந்துச்சுங்க.”

“டெஸ்ட் எடுத்துப் பாத்தாங்களா?”

“இல்லைங்க. யாரும் பாக்கலை.”

“அப்ப இல்லைன்னு போட்டுக்கிறேன்” என்று எழுதினார்.

“அதை அடிச்சிட்டு அத்தைன்னு போடுங்க சிஸ்டர்” என்றேன். அவர் அடித்து எழுதினார்.

அம்மா ஊரிலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். பையில் இரண்டு நைட்டியும் டாக்டர் சீட்டும் எடுத்து வைத்தாயிற்று. மாத்திரையையும் மீறி சாயங்காலத்திலிருந்து வலிக்கிறது. பாட்டிலை நிரப்பிக்கொண்டு படுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஆறிவிட்டது. “அத்தை, ஆறிருச்சு” என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு நானே எழுந்துபோய் மாற்றிக்கொண்டேன்.