முத்துலிங்கம் மச்சானின் ஒற்றைக்கால் தாவல்

திங்கட்கிழமை காலை ஐந்து பத்துக்கு அக்கரப்பத்தனையிலிருந்து போன் வந்தது. என் மனைவியின் அண்ணன் முத்துலிங்கம் தூக்கத்திலேயே போய்விட்டாராம். மாரடைப்பு. முழங்காலைத் தவிர வேறு எதையும் டொக்டரிடம் காட்டாத மனிதர்.

போன மாசியில் தேயிலைத் தோட்டத்தில், சிவன் காமனை எரிக்கும் காமன் கூத்தில் வீரபத்திரனாகக் குதித்தார். உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. உள்ளே ஜவ்வு அறுந்துவிட்டது. கண்டியில் ஒபரேஷன் செய்தார்கள். அவருடைய தொடையின் பின்பக்கத்திலிருந்தே தசைநார் எடுத்து, மடித்து, எலும்பில் துளை போட்டு உள்ளே இழுத்து, திருகாணி வைத்து இறுக்கினார்கள். அதன் பிறகு ஹட்டன் பஸ்ஸில் மச்சான் நின்று போனதே இல்லை. சாரத்தைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டுவார்.

"உள்ளுக்கு ஸ்குரூ இருக்கு தம்பி. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பதினாறு வருடமாக வீரபத்திரன் வேஷம் அவருடையது. வருகிற மாசியில் ஆட முடியாவிட்டால் அது பக்கத்து லயத்து வரிசை வீட்டு வினோஜனுக்குப் போய்விடும். அந்த ஒன்றுதான் அவருக்குக் கவலை.

ஒன்பது மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரியந்தி மிஸ் பரீட்சை வைத்தார். ஒற்றைக்காலில் தாவ வேண்டும். நல்ல கால் தாவும் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது ஒபரேஷன் கால் தாவினால்தான் ஆட விடுவார். மச்சான் யோசித்தார். நல்ல காலில் பூனை மாதிரி சின்னதாக ஒன்று. ஒபரேஷன் காலில் உயிரைக் கொடுத்து ஒன்று. இரண்டும் சமம்.

மிஸ் அளவு நாடாவைச் சுருட்டினார். "ஐயா, உங்க ரெண்டு காலும் ஃபெயில்."

"ஒண்ணுக்கு ஒண்ணு சரியாத்தானே மிஸ் இருக்கு?"

"நல்ல கால் போன மாசம் இதைவிட ஒரு அடி கூடப் பாஞ்சிச்சு. எழுதி வச்சிருக்கேன். அடுத்த மாசம் வாங்க. ஏமாத்தாமப் பாயுங்க."

அன்றிலிருந்து லயத்து வாசலில் சோக்கால் கோடு கிழித்து உண்மையாகவே தாவினார். நான் கிண்டலை விடவில்லை.

"சிவன் அனுப்புற வீரபத்திரனுக்கு மிஸ்ஸோட கையெழுத்து வேணுமா மச்சான்?"

"சிவன் ஸ்குரூ போட்டு அனுப்பலைங்களே மச்சான்!"

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, பாஸாக ஒபரேஷன் காலுக்கு நான்கு விரல் தூரம்தான் குறைந்தது. குனிந்து விரல் வைத்து அளந்தது நான்தான்.

பரீட்சை இந்த வியாழக்கிழமை. நல்ல காலுக்குரிய சலங்கையை அவர் கோத்து முடித்திருந்தார். மற்றதைப் பாஸான பிறகு கோப்பதாகச் சொன்னார். அதன் மணிகள் ஜன்னலோரம் பால்மா டின்னில் இருக்கின்றன.