அழிக்கப் போன நேரத்தில் ஒரு போன்

மேட்டுப்பாளையத்தில் நானும் கணவரும் ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறோம். போன மாதம் ஒரு காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், ரிப்போர்ட்டுகளையெல்லாம் பூட்டிவிட்டதாகவும், பணம் கொடுத்தால்தான் திறப்பதாகவும் திரையில் மிரட்டல். வாசலில் கூட்டம். அதில் ஒரு கர்ப்பிணிக்கு அன்று மதியமே ஆபரேஷன். அவர் ரிப்போர்ட்டும் அதற்குள்தான் மாட்டியிருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்திக்கலாம்" என்று கணவர் சர்வீஸ்காரரை வரவழைத்தார். அப்போதுதான் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர் தாக்குதலுக்கென்றே சைபர் இன்சூரன்ஸ் எடுத்தது நினைவுக்கு வந்து, பாலிசியைத் தேடி உதவி எண்ணுக்குப் பேசினேன்.

"எதையாச்சும் அழிச்சீங்களாங்க? அழிச்சா திருடன் எப்படி வந்தான்னே தெரியாதுங்க. கிளெய்மும் சிக்கலாயிரும்" என்றார் அதிகாரி.

திரும்பினால், சர்வீஸ்காரர் அழிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க, கையை எடுங்க!" என்று கத்திவிட்டேன்.

கர்ப்பிணிக்கு மறுபடி ரத்தம் எடுத்து, ரிப்போர்ட்டைக் கையால் எழுதிக் கொடுத்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய நிபுணர்கள் நான்கே நாளில் பெரும்பாலான ரிப்போர்ட்டுகளை மீட்டார்கள். கிளெய்மும் கிடைத்தது.

இப்போது அந்த உதவி எண்ணை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒட்டியிருக்கிறேன். தினமும் ரிப்போர்ட்டுகளைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்துக் கழற்றி வைக்கிறேன். ஆனாலும் காலையில் திரை தெளியும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.