டிவி முன்னால் அட்சதை

தங்கையின் கல்யாணம் மெல்பர்னில். அங்கே பத்தரைக்குத் தாலி கட்டு என்றால் மலேசியாவில், கெலாங் பாத்தாவில் எங்களுக்கு எட்டரை. ஏழே முக்காலுக்கே டிவியைப் போட்டேன். கல்யாணத்தை நேரலையாகக் காட்டும் செயலியைத் திறந்ததும் கறுப்புத் திரையில் இரண்டே வரி வந்தது. இந்தச் சாதனத்துக்கான ஆதரவு முடிந்துவிட்டது. புதிய சாதனத்தைப் பயன்படுத்தவும்.

நாலு வருஷத்து டிவி. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவள் என்ற பவுசில் நானே அங்கே வாங்கி, காரின் பின் சீட்டைச் சாய்த்து, எல்லையிலுள்ள இரண்டாம் பாலம் வழியாகக் கொண்டுவந்து மாட்டியது. திரையில் ஒரு கீறல் கிடையாது. செய்து விற்றவனுக்கு மட்டும் அதற்குள் கிழடாகிவிட்டதாம். ஆனால் மூன்று மாதமாகவே இந்த அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. நாடகத்துக்கு நடுவே வரும். விளம்பரம் என்று நினைத்துப் படிக்காமலே ‘சரி’யை அழுத்தித் தள்ளியவள் நான்தான்.

எனக்குப் பின்னால் நாற்காலியில் அப்பா பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். விமானம் ஏற முடியாது. ஆனால் கல்யாணத்துக்குப் போகாததற்கு அது மட்டும் காரணமில்லை. அப்பா பொந்தியான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். மாப்பிள்ளையின் தாத்தா தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி. வேறு ஏதோ தோட்டம்தான். அப்பாவுக்கு எந்தத் தோட்டமானாலும் கிராணி கிராணிதான்.

“எங்கப்பா கிராணி வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நின்ன ஆளு. அந்த வாசலுக்கு நான் பொண்ணு அனுப்பணுமா?” என்றவர் இரண்டு வருஷம் தங்கையோடு பேசவில்லை.

போன வாரம்தான், சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, டிவியில் பார்க்கிறேன் என்றார். அரிசியில் மஞ்சள் கலந்து அட்சதை செய்து வைக்கவும் சொன்னார். தாலி ஏறும்போது திரையைப் பார்த்துப் போடுவாராம். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

 அப்பா சகுனம் பார்க்கிறவர். பூனை குறுக்கே போனால் ஆஸ்பத்திரிக்கே பத்து நிமிஷம் தள்ளிக் கிளம்புவார். முகூர்த்த நேரத்தில் டிவி இருண்டு கிடக்கிறது என்று தெரிந்து எழுந்து அறைக்குள் போய்விட்டால், பிறகு அவரைத் தங்கையிடம் யாராலும் திருப்ப முடியாது. சர்க்கரை அவர் கண்ணையும் விட்டுவைக்கவில்லை. பெரிய திரையே மங்கல்தான்; போன் சுத்தமாகத் தெரியாது.

திரையை மறைத்து நின்றுகொண்டேன். பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். செயலியை அழித்தேன், மறுபடி இறக்கப் பார்த்தால் பட்டியலிலேயே காணோம். போனிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்த்தேன், அதுவும் ஏறவில்லை. டிவி பழுது பார்க்கும் சீனரைப் போனில் கூப்பிட்டேன். அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், தனியாக ஒரு பெட்டி வாங்கி மாட்ட வேண்டும், கடை பத்து மணிக்குத்தான் திறக்கும் என்றார்.

“ஆரம்பிச்சிட்டாங்களா?” என்றார் அப்பா.

இன்னும் இல்லை என்றேன். அவர் வலது கை மூடியே இருந்தது. அட்சதையை அப்போதே அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். தங்கையிடமிருந்து செய்தி வந்தது: அப்பா உக்காந்துட்டாங்களா? உட்கார்ந்துவிட்டார் என்று அனுப்பினேன். அவசரத்தில் விரல் தவறிப் பட்டுப் போனில் நேரலை திறந்து, மேளச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

இனி மறைக்க வழியில்லை. டிவி போய்விட்டது, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன்.

 மேளம் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் இடது கை நாற்காலியின் கைப்பிடியை ஊன்றியது. எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“கிட்ட கொண்டா. எனக்குத் தெரியாது, நீ பாத்துச் சொல்லு.”

போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துச் சொல்ல ஆரம்பித்தேன். அரக்குச் சேலை கட்டியிருக்கிறாள். மாப்பிள்ளை குனிந்தே இருக்கிறார். ஐயர் தாலித் தட்டைச் சுற்றிக் கொண்டுபோகிறார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கெட்டி மேளம் கேட்டதும், “கட்டுறாங்கப்பா” என்றேன். 

அப்பா கையைத் திறந்து வீசினார். குறி தவறிப் பாதி அரிசி என் தலையிலும் முகத்திலும் விழுந்தது. மீதி போன் மேல் சிதறித் தங்கையை மறைத்தது. நான் துடைக்கவில்லை.

அந்த நேரலையில் நாங்கள்தான் அவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு நாங்கள் தெரிய மாட்டோம். கொஞ்ச நேரம் கழித்துச் செய்தி வந்தது: அப்பா பாத்தாங்களா?

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். யார் மனதுக்காகவும் ஒரு பொய் சொல்லாத மனிதர் அவர். வேட்டியில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சொன்னார்.

“நல்லாத் தெரிஞ்சுச்சுன்னு போடு. பெரிசா, டிவில.”