வாக்கிங் போய் இளைக்கவில்லை

போன ஞாயிறு சேலத்தில் ஒரு வலிமா, நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் தரும் விருந்து. தட்டில் பிரியாணி வாங்கிக்கொண்டு திரும்பினால், தூரத்து உறவில் அக்கா முறையான ஒருவர் வழிமறித்தார். இப்படி இளைத்துவிட்டாயே, என்னதான் செய்தாய் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் நாத்தனார் முந்திக்கொண்டாள். "தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங். ராத்திரிக்குச் சோறே கிடையாது."

உண்மை என்ன தெரியுமா? ஏழு மாதம் முன்பு ஆபரேஷன் செய்து என் இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அப்போது என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ.

கண்ணாடி பார்த்து அழுத ஆள் இல்லை நான். நல்ல புடவை கட்டுவேன், போட்டோவில் முன்வரிசையில் நிற்பேன். பிரச்சினை முட்டி. கொள்ளு ரசம், டயட், ஜிம்... பத்து கிலோ போகும், பன்னிரண்டாகத் திரும்பி வரும். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழ முடிந்தது. ஒரு ரமலான் இரவில், பக்கத்தில் என் மகள் நெற்றியைத் தரையில் வைத்தாள். நான் காற்றில் குனிந்தேன். அன்றுதான் முடிவெடுத்தேன்.

கணவருக்குப் பயம். "எனக்கு நீ இப்படியே நல்லாத்தான் இருக்கே" என்றார்.

"உங்க கண்ணுக்கு நல்லாருக்கேன். என் முட்டிக்கு இல்லையே."

மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ரிஸ்க் உண்டு, முடி கொட்டலாம், ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரை... யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். ஒரு மாதம் யோசித்தேன். போனேன்.

நான்காம் மாதம் என் நெற்றி தரையைத் தொட்டது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

ஆனால் ஊருக்கு? பித்தப்பையில் கல் என்று சொல்லிவிடலாம் என்றாள் நாத்தனார். நானும் தலையாட்டினேன். கல்லுக்குக் கத்தி வைத்தால் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வருகிறோம். எடைக்கு என்றால் மட்டும் ஏன் சோம்பேறி என்கிறோம்?

விருந்துக்கு வருகிறேன். அந்த அக்காவின் பக்கத்தில் அவர் மகள் தட்டோடு நின்றிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், பருமனான பெண். அக்கா அவள் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? நடந்தாலே போதுமாம். உனக்குத்தான் உடம்பு வணங்கல."

அந்தப் பெண் ஒரு வாய்கூட வைக்காமல் தட்டை மேஜையில் வைத்துவிட்டாள்.

கண்ணெதிரில் ஒருத்தியின் சோற்றைப் பிடுங்குகிறது ஒரு பொய் — அதுவும் எனக்காகச் சொன்ன பொய்!

"நடந்து இளைக்கலக்கா. ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்" என்றேன். நாத்தனார் என் இடுப்பில் கிள்ளினாள். கிள்ளுவதற்கு இப்போது அங்கே அதிகம் இல்லை.

நாலு வாயில் என் சாப்பாடு முடிந்தது. கை கழுவப் போனால் அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள்.

"ரெண்டு வருஷமா நடக்கறேன் சாச்சி" என்றாள். எங்களில் சின்னம்மாவைச் சாச்சி என்போம். "யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

நான் நம்புகிறேன் என்றேன். ஆபரேஷன் எல்லோருக்கும் தேவைப்படாது, அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். "எதுவா இருந்தாலும் உனக்காகப் பண்ணு. பொண்ணு பாக்க வர்றவங்களுக்காகப் பண்ணாதே."

அவள் திரும்பிப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்காமல், நிதானமாகச் சாப்பிட்டாள்.

நாத்தனார் இன்னும் என்னோடு பேசவில்லை. இரண்டு பேரிடம் சொன்னதற்கே இந்தக் கோபம்... இதைப் படித்தால்?