உமையாள் ஆச்சியின் மூன்று டிஸ்க்குகள்

தொண்ணூற்றொன்பதில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உமையாள் ஆச்சி வீட்டின் பின்னறைக்கு நான் குடிவந்தபோது, இரண்டு வாரம்தான் இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவளுக்கு ஓரிடத்தில் மூன்றாவது வாரம் என்றாலே மூச்சு முட்டும். பையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. ஆச்சி அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. காலையில் கதவுக்கு வெளியே நின்று, "இருக்கியா ரம்லத்?" என்பார். இருக்கிறேன் என்று குரல் கொடுத்தால்தான் இரண்டாவது கோப்பையை எடுப்பார்.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் மாரடைப்பில் போனபோது மகன் கண்ணப்பனுக்குப் பத்து வயது. ஊருக்குத் திரும்பிவிடு என்று உறவினர்கள் சொன்னார்கள். ஆச்சி திரும்பவில்லை. சுபாங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டராகச் சேர்ந்தார். செட்டியார் வீட்டுப் பெண் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்டவர்களோடு பேசுவதா என்று கோயிலில் முணுமுணுத்தார்களாம். பதினேழு வருடம் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் 'ஒரு நிமிஷம் இருங்க' என்று சொல்லிச் சொல்லியே மகனை இன்ஜினியராக்கினார். அவன் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குப் போய்விட்டான். கம்பெனியும் முந்தின வருடம் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் அனுப்பிவிட்டது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மகனிடமிருந்து வரும் போன் ஒன்றுதான் வாரத்தில் அவருக்கு நிச்சயமாக வரும் அழைப்பு.

ஒரு சனிக்கிழமை காலை ஆச்சி மூன்று சிடிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"உனக்கு கம்ப்யூட்டர் தெரியும்ல? இத ஒண்ணும் திறக்க முடியல. யார்ட்டயும் சொல்லிடாத."

கண்ணப்பன் புது வீடு வாங்கியிருந்தான். அதைப் படமெடுத்து, டிஸ்க்கில் பதிந்து, மாதம் ஒன்றாக அனுப்பியிருந்தான். ஆச்சி ஒன்றையும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று அவனிடம் சொல்லவும் இல்லை. முன்பு ஒரு தடவை மவுஸைப் பற்றிக் கேட்டதற்கு, "எத்தனை தடவை ஆத்தா சொல்றது?" என்று சலித்துக்கொண்டானாம். அதிலிருந்து, டிஸ்க் வந்ததும் "பாத்தேம்ப்பா, நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது.

"போன மாசம் எந்த ரூம் வேணும் ஆத்தான்னு கேட்டான். மாடியில கெழக்கு பாத்த ரூம்னுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"சரி ஆத்தான்னான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல." சிடிகளை அடுக்கி, மறுபடி பிரித்து அடுக்கினார். "நாளைக்கு நானே கேக்கப் போறேன், எந்த மாசம் வரட்டும்னு. அதுக்குள்ள வீட்டப் பாத்துடணும் ரம்லத். எதையாச்சும் தப்பா சொல்லி மாட்டிக்கக் கூடாது."

இங்கே தனியாக இருக்க முடியவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் சாமி அறையில் இருந்தது. அலமாரிக்குப் பக்கத்தில்தான் சுவரில் பிளக் இருந்தது என்று கண்ணப்பன் நான்கு வருடத்துக்கு முன்பு அங்கே வைத்துவிட்டுப் போனானாம். கம்ப்யூட்டரோடு வந்த கலைக்களஞ்சிய சிடியைப் போட்டேன். ஓடியது. சந்தையில் வாங்கிய பக்திப் பாட்டு சிடியும் பாடியது. மகன் அனுப்பியதைப் போட்டால் மட்டும் உள்ளே கிர்ரென்று சுற்றி, விளக்கு நாலு தடவை மினுக்கி, டிஸ்க்கைப் போடவும் என்று திரையில் வந்தது. மூன்றுக்கும் அதேதான். துடைத்துப் போட்டேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். இயந்திரத்தையே அணைத்துப் போட்டும் பார்த்தேன்.

"காலி டிஸ்க்கா அனுப்பிட்டானோ?" என்றார் ஆச்சி. அந்தக் கேள்வி வெகுநாளாக அவருக்குள் இருந்திருக்க வேண்டும்.

ஸ்காட் ரோட்டில் விஜயனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். அவர் ஒரு டிஸ்க்கைத் தன் இயந்திரத்தில் போட்டார்.

"டிஸ்க் ஓகேலா ஆன்டி. உள்ள நெறைய போட்டோ இருக்கு. ஓப்பன் பண்ணவா?"

"வேணாம்!" ஆச்சி போட்ட சத்தத்தில் பக்கத்தில் பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "எம் மகன் வீட்ட நான் கடையில நின்னா பாக்கணும்?"

விஜயன் கையை மேலே தூக்கிவிட்டுச் சிரித்தார். பிறகு என்னிடம் விளக்கினார். கடையில் அச்சடித்து வரும் டிஸ்க் கண்ணாடி மாதிரி பளிச்சென்று ஒளியைத் திருப்பித் தரும். வீட்டில் பர்ன் பண்ணிய டிஸ்க் கொஞ்சம் மங்கல். டிஸ்க்கைப் படிக்கும் ட்ரைவின் லென்ஸில் லேசாக அழுக்குப் படிந்தால்கூட, அதன் கண்ணுக்கு முதலில் தெரியாமல் போவது இந்த மங்கல் டிஸ்க்தான்.

"புது ட்ரைவ் போட்ருங்க. ஸ்டாக் திங்கக்கிழமை வரும்."

திங்கட்கிழமை வரை பொறுக்க முடியாது; மகனின் போன் மறுநாளே. வழியில் பஞ்சுக் குச்சியும் ஸ்பிரிட்டும் வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து ட்ரைவைக் கழற்றி, நான்கு திருகாணிகளை எடுத்து மூடியைத் திறந்தேன். குங்குமப் பொட்டளவு லென்ஸ். அதன்மேல் தவிட்டு நிறத்தில் ஒரு பூச்சு. பஞ்சால் ஒற்றி எடுத்து முகர்ந்தேன்.

"ஆச்சி, இது சாம்பிராணி வாசம்."

ஆச்சி பஞ்சை வாங்கித் தானும் முகர்ந்தார்.

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம காட்டுவேன்" என்றார். "பிள்ள வாங்கிக் குடுத்ததாச்சே. அந்தத் தட்டு வெளிய வருதுல்ல, அத வரவெச்சு, உள்ளயும் போகட்டும்னு..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நாலு வருஷமாடி!" என்றார்.

மூன்றாவது பஞ்சுக் குச்சியில்தான் லென்ஸ் பளபளத்தது. திரும்ப மாட்டி டிஸ்க்கைப் போட்டதும் விளக்கு ஒரே தடவை மினுக்கி நின்றது. படங்கள் வந்தன. புல்வெளி, வாசல், சமையலறை, குளியலறைக் குழாய். ஆச்சி ஒவ்வொன்றிலும் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார். மூன்று டிஸ்க்கையும் பார்த்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

"மாடிப்படி எங்க ரம்லத்?"

படி இல்லை. வாசலிலிருந்து எடுத்த படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஓடு வேய்ந்த, ஒரே தளமுள்ள வீடு. கடைசி டிஸ்க்கில் பின்பக்கத்து அறை ஒன்று இருந்தது. ஒற்றைக் கட்டில், நீலத் திரை, சுவரில் நெஞ்சு உயரத்தில் புதிதாக அடித்த ஒரு பலகை. சாமி படம் வைக்கும் அளவுக்கு இருந்தது. ஆச்சி அந்தப் படத்தை மாற்ற விடவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு போன் அடித்தபோதும் திரையில் அதே அறைதான். கையில் மவுஸ் இருந்ததால் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார். நான் எழுந்தேன். இரு என்று கண்ணால் சொன்னார்.

"கண்ணப்பா, நீ அனுப்பிச்ச டிஸ்க் எதையும் நான் பாக்கல. நேத்துத்தான் பாத்தேன்."

"தெரியும் ஆத்தா."

"என்ன தெரியும்?"

"மாடி ரூம் வேணும்னீங்களே, அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா சரின்னே?"

"பாக்கக்கூட இஷ்டமில்ல போலன்னு நெனச்சேன். வர மனசில்லாதவங்கள எப்படி ஆத்தா கூப்பிடறது?"

"மெஷின் படிக்கலப்பா. சாம்பிராணி."

"என்னது?"

"சாம்பிராணி காட்டுனேன். தட்டத் தொறந்துவெச்சு."

அந்தப் பக்கம் அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

"ஆத்தா, அந்த ரூம ஒரு ஸ்டூடண்டுக்கு விட்டுட்டேன். போன வாரந்தான். டிசம்பர் வரைக்கும் பேச்சு."

ஆச்சி திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"சரிப்பா" என்றார். கம்பெனியில் பேசிய குரல் அப்படித்தான் இருந்திருக்கும். "செவுத்துல பலக அடிச்சிருக்கியே. அது இருக்கா?"

"இருக்கு." அவன் தயங்கினான். "அவன் அதுல ஷூ வெச்சிருக்கான்."

"எடுக்கச் சொல்லு."

"ஆத்தா, அவன் வெள்ளக்காரப் பையன், அவனுக்கு என்ன தெரியும்..."

"தெரியலன்னா சொல்லிக் குடு. கேட்டான்னா, எங்க ஆத்தா ஜனவரியில வருதுன்னு சொல்லு."

"நெசமாவா ஆத்தா?"

"நெசமாத்தான். மொதல்ல ஷூவ எடுக்கச் சொல்லு."

போனை வைத்ததும் ஆச்சி நாள்காட்டி அருகே போய் நின்று, தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அது ஜூன் மாதம்.